முள்ளுக்குறிச்சியும் மலைநாடுகளும்



இராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாகக் கிழக்கே செல்லும் பேருந்தில் அமர்ந்தால், சிறிது தொலைவிலேயே மலைகள் இருபுறமும் நெருங்கி வரக் காணலாம். இடப்பக்கத்தில் நிற்பது போதமலை. வலப்பக்கத்தில், அதனினும் உயர்ந்து நெடுஞ்சுவர் போல் நிற்பது கொல்லிமலை. இடையே மஞ்சளும் மரவள்ளியும் விளையும் நிலம் பரந்து கிடக்கின்றது. இந்தப் பள்ளத்தாக்கில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் முள்ளுக்குறிச்சி. பெரும்போர் நிகழ்ந்த களம் என்றோ, பேரரசர் பிறந்த பதி என்றோ இவ்வூரை வரலாற்று நூல்கள் போற்றுவதில்லை. மலைக்கு ஏறுகின்றவர்களும் மலையினின்று இறங்குகின்றவர்களும் சற்றே தங்கிச் செல்லும் ஒரு வாயிற்படியாகவே இது இருந்து வந்திருக்கின்றது.

முதன்முறை அங்குச் சென்றபோது நானும் அவ்வாறே தங்கினேன். மலைமீதிருந்து இறங்கி வந்திருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். "எந்த ஊர் ஐயா?" என்று கேட்டேன். சிற்றூரின் பெயரை அவர் சொல்லவில்லை. "திருப்புளி நாடுங்க" என்றார். எந்த வட்டம், எந்த ஒன்றியம் என்று நான் அடுத்துக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் காயிதத்தைப் பார்த்துத்தாங்க சொல்லணும்" என்பது அவர் விடை. நாட்டின் பெயர் நாவில் இருக்கின்றது. வட்டத்தின் பெயர் காகிதத்தில் இருக்கின்றது. இவ்விரண்டும் எவ்வாறு பிரிந்தன என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட செய்தி.

முதலில் ஊர்ப்பெயரைப் பார்ப்போம். குறிச்சி என்பது பழஞ்சொல். ஐந்திணை வகுத்த நம் முன்னோர், குறிஞ்சி நிலத்து ஊர்களைச் சிறுகுடி என்றும் குறிச்சி என்றும் வழங்கினர். இன்று குறிச்சி என முடியும் ஊர்கள் சமவெளியிலும் பல உள. ஆயினும் கொல்லிமலையைச் சுற்றி வருவோர்க்கு, பேளுக்குறிச்சி, மூலக்குறிச்சி, முள்ளுக்குறிச்சி என்று அடிவாரத்தை ஒட்டி இப்பெயர்கள் நிற்பது கண்ணில் படாமற் போகாது. பேளுக்குறிச்சிச் சந்தை, மலையில் விளையும் மிளகு முதலான பண்டங்களுக்கு இன்றும் பெயர் பெற்றது. மலையும் சமவெளியும் கைகுலுக்கும் இடங்கள் இவை. முள் என்னும் முன்னொட்டு, முள்மரங்கள் அடர்ந்த காட்டையோ முள்வேலி சூழ்ந்த குடியிருப்பையோ குறிப்பதாகலாம். இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மலையமான் திருமுடிக்காரிக்கு உரியதாகச் சங்கப் பாடல்கள் கூறும் முள்ளூர் வேறு. அது பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருக்கோவலூர்ப் பக்கத்தது. காரிக்கும் கொல்லிமலைக்கும் தொடர்பு உண்டாதலின், பெயரொப்புமை ஒன்றையே கொண்டு முள்ளூரையும் முள்ளுக்குறிச்சியையும் முடிச்சிடும் ஆசை எழும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே வரலாற்று மாணவனுக்கு முதற்பாடம்.

மலையின் அமைப்பை இனிக் காண்போம். கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் தனித்து நிற்கும் ஒரு கூறு. ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மேற்பரப்பின் பெரும்பகுதி கடல் மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. கூரிய முடிகள் நிறைந்த மலை என்று இதனை எண்ணிவிடலாகாது. பக்கங்கள் செங்குத்தாக எழுகின்றன. ஏறி முடித்தபின், மேலே மேடும் பள்ளமுமாய் ஓர் உலகம் விரிகின்றது. பள்ளந்தோறும் நெல்வயல், மேட்டுச் சரிவில் சாமையும் தினையும் கேழ்வரகும், அவற்றுக்கு மேலே பலாவும் மலைவாழையும் மிளகும் காபியும். சரிவுகள் ஏறுவதற்கு அரியன. மேற்பரப்போ வாழ்வதற்கு இனியது. இந்த முரணே மலைமக்களின் வரலாற்றை வகுத்தது எனலாம். மேலே போய்விட்டவர்களைக் கீழே இருந்தவர்கள் எளிதில் அணுக முடியவில்லை. அணுகியவர்களையும் மலைக்காய்ச்சல் விரட்டியது. இங்குத் தொண்டு செய்த ஆங்கிலப் பாதிரியார் ஜெஸ்ஸி பிராண்டு 1929இல் காய்ச்சலால் இம்மலையிலேயே மாண்டார். தொழுநோயாளிகளின் கைகால்களை அறுவை மருத்துவத்தால் சீராக்கிப் புகழ்பெற்ற பால் பிராண்டு அவருடைய மகனார். அவர் பிள்ளைமையில் ஓடியாடியது இம்மலைமீதுதான்.

நீரோட்டத்தையும் கவனியுங்கள். அய்யாறு அறப்பளீசுவரர் கோயிலின் அருகே ஆகாய கங்கையாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே திருச்சிப் பக்கம் இறங்குகின்றது. மேற்குச் சரிவின் நீர் கரைபோட்டான் ஆறாகிக் காவிரியைச் சேர்கின்றது. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் தம்மம்பட்டி வழியாக ஓடும் சுவேத நதியோ வெள்ளாற்றோடு கூடிப் பரங்கிப்பேட்டைக் கடலை அடைகின்றது. ஒரே மலையின் மழை இரண்டு ஆறுகளுக்குப் பங்காகின்றது. நீர் தன் எல்லையை இவ்வாறு வகுத்துக்கொண்டுள்ளது. மனிதர் வகுத்த எல்லைகளோ இதனோடு ஒத்துப்போனதே இல்லை.

கொல்லிமலையின் வரலாற்றில் நமக்குத் தெரியவரும் முதல் அரசியல் நிகழ்ச்சியே ஒரு கைமாற்றந்தான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி இம்மலைக்குத் தலைவன். அவனைக் காரி கொன்று, மலையைச் சேரனுக்கு அளித்தான் என்பது சங்க இலக்கியம் தரும் செய்தி. ஓரியின் கொடையையும் வில்லாண்மையையும் புலவர் பலர் பாடினர். வென்றவர்களின் பெயரைக் காட்டிலும் தோற்ற ஓரியின் பெயரே மலைமக்களிடையே இன்றும் நிலைத்திருக்கின்றது. ஆடிப் பதினெட்டை ஒட்டி அவன் பெயரால் செம்மேட்டில் அரசே விழா எடுத்து வருகின்றது. பின்னர்ச் சோழர் காலத்தில் அறப்பளீசுவரர் கோயிலில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. அதன்பின் வந்த ஆட்சிகளை இங்கு விரித்துரைக்க நேரமில்லை. மலையின் உள்வாழ்வை அவை பெரிதும் மாற்றியதாகவும் தோன்றவில்லை.

அந்த உள்வாழ்வின் அச்சாணி நாடு என்னும் அமைப்பு. மலைமீது வாழ்வோர் தம்மை மலையாளிகள் என்பர். மலையை ஆள்வோர் என்பது இச்சொல்லுக்கு வழங்கும் பொருள். கேரள நாட்டு மலையாளிகளோடு இவர்களை மயங்கக் கூடாது. இவர்கள் மொழி தமிழ். காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழியினர் தாம் என்பது இவர்களிடை வழங்கும் கதை. மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் சென்றனராம். இக்கதையை வரலாறாகக் கொள்ளச் சான்று போதாது. ஆனால் மூன்று மலைகளும் ஒரே குடும்பம் என்ற உணர்வை அது காட்டுகின்றது. அந்த உணர்வு வரலாறுதான்.

கொல்லிமலை மீது இருநூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் உள்ளன. வீடுகள் கூடிய தொகுதியை வளவு என்பர். வளவுகள் பல சேர்ந்து நாடாகும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, சேளூர் நாடு, திண்ணனூர் நாடு, சித்தூர் நாடு, குண்டூர் நாடு, குண்டணி நாடு, எடப்புளி நாடு, திருப்புளி நாடு, பெரக்கரை நாடு, ஆலத்தூர் நாடு, பைல் நாடு என்னும் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பள்ளத்தாக்கு, அல்லது ஒரு மேட்டுச் சமவெளி. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டிற்கு அவருக்கு மேற்பட்ட தலைவர். திருமண உறவு, நிலத் தகராறு, கோயில் திருவிழா, குற்றத்திற்குத் தண்டம் ஆகியன அவர்கள் முன்னிலையில் தீர்ந்தன. சோழர் கல்வெட்டுகளில் வரும் நாடும் நாட்டாரும் உங்களுக்கு நினைவு வரலாம். சொல் ஒன்றே. எனினும் உத்தரமேரூரில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறித்த விதிகளைப் போல எழுதிய சட்டம் எதுவும் இம்மலைநாடுகளுக்கு இருந்ததில்லை. இவற்றின் சட்டம் உறவுமுறை. அதற்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. வழக்கு விரைவில் முடியும். ஆனால் பெண்களும் ஒதுக்கப்பட்டோரும் அவையில் வாய்திறக்க இயலாது. பழமையைப் போற்றும் ஆர்வத்தில் இந்தக் குறையை நாம் மறைத்தல் ஆகாது.

1792இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமசு மன்றோ முதலியோரும் நிலங்களை அளந்து வரி வகுத்தனர். பின்னாளில் தென்னாட்டில் பரவிய இரயத்துவாரி முறைக்கு இந்த மாவட்டமே நாற்றங்கால். அளவைச் சங்கிலி வந்ததும் பழைய உலகம் மாறியது. நாடுகள் வருவாய்க் கிராமங்களாகக் கணக்கில் ஏறின. பெயர் மட்டும் நாடு என்றே நின்றது. தலைவர் தீர்த்த வழக்குகள் ஒவ்வொன்றாக நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் இறங்கின. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வேறொரு கோட்டைக் கிழித்தது. மலைச்சரிவுக் காடுகள் ஒதுக்கிய காடுகளாயின. முள்ளுக்குறிச்சிக்கும் மேலே உள்ள நாடுகளுக்கும் இடையே, அதுவரை காடு எரித்துப் புனம் விதைத்தும் விறகும் தேனும் எடுத்தும் வந்த சரிவு, அரசின் சொத்தாயிற்று. காடு ஓரளவு பிழைத்தது என்பது உண்மை. நடந்து பழகிய வழியில் அனுமதி கேட்டு நடக்க வேண்டிய நிலை வந்ததும் உண்மையே.

இதனினும் வியப்பானது மாவட்ட எல்லைகளின் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லிமலையின் ஒரு பங்கு நாமக்கல் வட்டத்திலும் மற்றொரு பங்கு ஆத்தூர் வட்டத்திலும் இருந்தது. இரண்டும் அன்று சேலம் மாவட்டம். 1910இல் நாமக்கல் வட்டம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. ஆத்தூர் சேலத்திலேயே நின்றது. ஒரே மலை, ஒரே மக்கள், ஒரே பாட்டன்மார்; ஆனால் மாவட்ட ஆட்சித் தலைவர் இருவர். 1929இல் நாமக்கல் மீண்டும் சேலத்துக்கு வந்தது. 1997இல் சேலம் பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. இப்பொழுது கொல்லிமலை தனி வட்டம். முள்ளுக்குறிச்சி இராசிபுரம் வட்டத்தைச் சேர்ந்தது. 1910இலும் 1929இலும் மலைமேல் எவரையும் கேட்டு இம்மாற்றங்கள் செய்யப்படவில்லை.

கோடு எங்கே கிழிந்தால் என்ன, மலை நகர்ந்தா போய்விட்டது என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். பட்டியற் பழங்குடிகளின் சட்டத்தைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறியது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அமைந்த பட்டியலில், மலையாளி என்ற பெயரோடு, தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டப் பெயர்களும் சேர்க்கப்பட்டுள்ளன. கொல்லிமலையார் 1910க்குப் பின்னும் 1929க்குப் பின்னும் எந்தப் பக்கம் விழுந்தாலும், சேலமோ திருச்சியோ, பட்டியலுக்குள்தான் இருக்கின்றனர். அது அவர்களுடைய நற்பேறு. பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளைப் பாருங்கள். அவர்கள் பகுதி முன்பு கோயம்புத்தூர் மாவட்டம், பின்னர் ஈரோடு. அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. ஆகவே பழங்குடிச் சான்றிதழ் வேண்டிப் பல்லாண்டுகள் அவர்கள் மனுக்கொடுத்து வந்துள்ளனர். உங்கள் வயதுடைய ஒரு மாணவனோ மாணவியோ கல்லூரியில் இடம் பெறுவதும் உதவித்தொகை பெறுவதும், பாட்டன் காலத்தில் எவரோ ஒருவர் நிலப்படத்தில் இட்ட கோட்டைப் பொறுத்ததாகிவிட்டது.

சிறிய ஊராட்சிகளின் எல்லையைப் பற்றிப் பேசும்பொழுது, மலைநாடான சுவிட்சர்லாந்தை நினையாமலிருக்க இயலாது. ஊர்தோறும் தன்னாட்சி என்பது அந்நாட்டின் உயிர்நாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. இன்று அவை இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சமாகச் சுருங்கியுள்ளன. கிளாரஸ் மாநிலத்தில் எல்ம் என்றொரு சிற்றூர் உண்டு. பள்ளத்தாக்கின் கோடியில், ஆல்ப்ஸ் மலைச் சுவர்களின் நடுவே அமைந்தது. சீரங்கப்பட்டணம் வீழ்ந்த அதே 1799இல், ருசியத் தளபதி சுவோரோவ் தம் களைத்த படையோடு இவ்வூர் வழியாகத்தான் பனி மூடிய கணவாயைக் கடந்து தப்பினார். 1881இல், பலகைக்கல் வெட்டியெடுத்ததால் அடி தளர்ந்த மலை சரிந்து எல்மில் 115 பேர் இறந்தனர். அத்தனையையும் தாங்கிய ஊராட்சி 2011இல் இல்லாமற் போயிற்று. கிளாரஸ் மாநிலத்தின் 25 ஊராட்சிகளும் அவ்வாண்டு மூன்றாக இணைக்கப்பட்டன. எல்ம், தெற்கு கிளாரஸில் அடங்கியது. ஊர் இருக்கின்றது, ஊராட்சி இல்லை.

ஆனால் அது முடிவான முறையைக் கவனியுங்கள். 2006இல் அம்மாநிலக் குடிமக்கள் திறந்த வெளியில் கூடினர். இருபத்தைந்தைப் பத்தாக்கலாம் என்பது ஆட்சியாளர் கொண்டுவந்த திட்டம். பத்து எதற்கு, மூன்றே போதும் என்று குடிமகன் ஒருவர் எழுந்து சொன்னார். கைகள் உயர்ந்தன, மூன்று என்றே முடிவாயிற்று. மறு ஆண்டு மீண்டும் கூடி அதனை உறுதி செய்தனர். அதே 2007இல் பதினாறு வயது நிரம்பியவர்க்கும் வாக்குரிமை என்று அதே மக்கள் கை தூக்கித் தீர்மானித்தனர். தம் ஊராட்சி மறைவதற்குத் தாமே கைதூக்கியவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. வருத்தம் இருந்திருக்கலாம், ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் இருந்திராது.

நம் மலையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. கேளாமல் நாட்டாட்சி கரைக்கப்பட்டது. ஆனால் நாடு முற்றும் மறையவில்லை. ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது, கொல்லிமலை ஒன்றியத்தின் பதினான்கு ஊராட்சிகளும் அந்தப் பழைய பதினான்கு பெயர்களையே சூடிக்கொண்டன. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் 1996இல் தேர்தல் நடந்தபொழுது, உறவுமுறையால் தலைவர் அமைந்த இடத்தில் வாக்குச் சீட்டால் தலைவர் அமைந்தார். பெண்களும் நாட்டின் தலைமையில் அமர வழி பிறந்தது. முன்னே சொன்ன பழைய குறைக்கு அது ஒரு மருந்து. எனினும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. பழங்குடியினர் மிகுந்த பகுதிகளில் ஊர்ச்சபைக்கு நிலத்தின் மேலும் காட்டு விளைவின் மேலும் தனி உரிமை தரும் 1996ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கே உரியது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி இல்லை. ஆகவே நாடு என்ற பெயர் திரும்பியது. நாட்டின் பழைய உரிமை முழுதும் திரும்பவில்லை.

இந்நிலையில் முள்ளுக்குறிச்சி எங்கே நிற்கின்றது? நாமகிரிப்பேட்டை ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர் அது. ஏட்டின்படி மலைக்கு வெளியே இருப்பது. ஆனால் மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி அங்கே உளது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளோடு ஏறும் பழைய சாலைக்கு மாற்றாக, முள்ளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்தும் மலைக்குச் சாலை ஏறுகின்றது. சரிவில் விளைந்த மரவள்ளி லாரிகளில் இறங்கி, சேலம் நாமக்கல் பக்கத்து சவ்வரிசி ஆலைகளுக்குப் போகின்றது. சாமையும் தினையும் விளைந்த மேடுகள் பல, இந்தக் கிழங்கின் வரவால் உருமாறின. மறைந்துவரும் சிறுதானிய வகைகளைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து மலைமக்களோடு சேர்ந்து உழைத்து வந்திருக்கின்றனர். மலையில் என்ன விதைப்பது என்பதைச் சமவெளி ஆலை முடிவு செய்யும் காலத்தில், அடிவாரத்து ஊர் மலைக்கு உள்ளா வெளியா என்ற வினாவுக்கு ஏடு தரும் விடை மட்டும் போதுமானதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் சொன்ன அந்தப் பெரியவர் பேருந்து வந்ததும் எழுந்தார். பேரன் பள்ளி விடுதியில் படிக்கின்றானாம். அவனுக்குக் கொண்டுவந்த பலாச்சுளையைக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றாராம். நானும் அவரோடு ஏறினேன். காடு விலகி முதல் வயல் தெரிந்த இடத்தில், சாலையோரத்துப் பலகை ஒன்றைச் சுட்டிக்காட்டி, "படிங்க" என்றார். திருப்புளி நாடு ஊராட்சி என்று எழுதியிருந்தது.